மாடியேறிய பசுவும் என் கடல் அட்டவணையும்

நீல அட்டை போட்ட சின்னப் புத்தகம் ஒன்று என் மேசை இழுப்பறையில் பல வருடங்களாகக் கிடக்கிறது. கடல் எந்த நாளில் எத்தனை மணிக்கு ஏறும், எப்போது இறங்கும் என்று அச்சிட்ட அட்டவணை. ஐம்பதுகளில் துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தபோது எனக்கு வாய்த்த ஒரே அதிகாரச் சின்னம் அதுதான். கப்பல்காரர்களுக்காகப் போட்ட புத்தகம். நான் அதைச் சிராங்கூன் சாலைக்குப் பின்னால் இருந்த எங்கள் சந்துக்கு உபயோகித்தேன்.

எங்கள் சந்து கிண்ணத்தின் அடிப்பகுதி போல இருந்தது. பக்கத்துப் பெரிய சாக்கடை கடலில் போய்ச் சேரும். கடல் ஏறினால் சாக்கடைத் தண்ணீர் போக வழியில்லாமல் எங்களை நோக்கித் திரும்பும். அதோடு டிசம்பர் மழையும் சேர்ந்தால் அஞ்சடியில், அதாவது கடை முகப்பு நடைபாதையில், கட்டைச் செருப்புகள் படகாக மிதக்கும். கீழே சீனக் கரிக்கடை முதலாளியான தவுக்கே, மேலே மாடியறையில் நான், பின்பக்கக் கொட்டகையில் மூன்று மாடுகளோடு பால்காரர். மழைக்காலம் வந்தால் கரிமூட்டைகள் பலகை மேல் ஏறும், அரிசி டின் அலமாரி மேல் ஏறும். என் சைக்கிள் மட்டும் படிக்கட்டின் அடியிலேயே நிற்கும். அதைத் தூக்குவதற்கு உடம்பு வணங்க வேண்டும்.

பால்காரருக்கு ஒரு முறை உண்டு. மழை வலுத்தால் சாக்கடையில் ஒரு வைக்கோலைப் போடுவார். அது கடல் பக்கம் போனால் பேசாமல் வந்து பால் கறப்பார். சந்துப் பக்கம் வந்தால் மாடுகளை அவிழ்த்துக்கொண்டு மேட்டிலிருக்கும் பெரிய சாலைக்குப் போய்விடுவார். இதைப் பார்த்து எனக்குப் பரிதாபமாக இருந்தது. அச்சில் வந்த விஷயம் கையில் இருக்க, ஒரு மனிதர் வைக்கோலை நம்புவதா? அட்டவணையைக் காட்டி விளக்கினேன். இரண்டு மூன்று முறை நான் சொன்ன மணிக்கே தண்ணீர் இறங்கியது. அத்தோடு அவர் வைக்கோல் போடுவதை நிறுத்திவிட்டார். மழை வந்தால் படிக்கட்டடியில் நின்று, "கிராணியாரே, இன்னைக்கு எப்ப எறங்கும்?" என்று கேட்பார். நான் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, தெரிந்த பக்கத்தையே நிதானமாகத் தேடுவேன்.

ஒரு டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை, முந்தின நாளிலிருந்தே மழை. காலையில் அவர் நனைந்துபோய் வந்து நின்றார்.

"தண்ணி திரும்பின மாதிரிதான் இருக்கு. ஆனா செவப்பி நெறசெனையா இருக்கா, ரோட்டுல மழையில நிறுத்த மனசு வரல. என்ன சொல்றீங்க?"

"பத்து மணிக்கு உச்சம்ணே. அப்புறம் வடிஞ்சிரும். கட்டியே வைங்க."

"பொஸ்தகத்துல போட்டிருக்கா?"

"போட்டிருக்கு."

போட்டுத்தான் இருந்தது. பத்து மணிக்குக் கடல் இறங்கவும் தொடங்கியிருக்கும். ஆனால் மேட்டுப்பக்கம் கொட்டுகிற மழை எத்தனை மணிக்கு எங்கள் சந்துக்கு வந்துசேரும் என்பது கப்பல்காரர்களுக்கு வேண்டாத தகவல், அதனால் புத்தகத்தில் இல்லை. பத்தரைக்குத் தண்ணீர் இடுப்பளவு. பெரிய சாலைக்குப் போகும் வழியில் இழுப்பு அதிகம். வயிறு கனத்த மாட்டை அதில் இறக்க முடியாது. பால்காரர் மற்ற இரண்டின் கயிற்றையும் அறுத்துவிட்டு, சிவப்பியை என் படிக்கட்டுக்குக் கொண்டுவந்தார்.

அவர் முன்னால் இழுக்க, தவுக்கேயும் நானும் பின்னாலிருந்து தள்ளினோம். தவுக்கே, "தோலாக்! தோலாக்!" என்று மலாயில் கத்தினார். தள்ளு என்று அர்த்தம். எனக்கு மலாய் தெரியும், தள்ளத்தான் தெரியாது. "கிராணி, நீ மாட்டத் தள்றியா, அதுமேல சாஞ்சு நிக்கிறியா?" என்றார் பால்காரர். என்னை அவர் நீ என்று சொன்னது அந்த ஒரே முறைதான். ஒருவழியாகச் சிவப்பி ஏறினாள். அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு என் பத்திரிகையைத் தின்றாள். மாலையில், என் மெத்தையின் மேல், ஒரு கிடேரிக் கன்று பிறந்தது.

ஏறிய மாட்டுக்கு இறங்கத் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து, நனைந்த கரிமூட்டைகளைப் படிகளில் அடுக்கி, மேலே என் கட்டில் பலகைகளைப் பரப்பிச் சரிவு கட்டி இறக்கினோம். கயிறறுத்துவிட்ட மாடுகளில் ஒன்று நீந்திப்போய்ப் பெரிய சாலையில் ஒரு நகைக்கடை வாசலில் நின்றிருந்தது. மற்றது, மூன்றிலும் வயதானது, சாக்கடைப் பாலத்துக் கம்பியில் சிக்கிச் செத்துக் கிடந்தது. நான் போய்ப் பார்த்தேன். பால்காரர் அதன் கழுத்து மணியைக் கழற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "சாப்டீங்களா?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். அன்றும் சரி, பிறகும் சரி, அந்தப் புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால் பதில் வைத்திருந்தேன், நல்ல வாக்கியங்களாக. மறுநாள் மற்றவர்களுக்குக் கொடுத்ததுபோலவே எனக்கும் ஒரு டம்ளர் சீம்பால் வந்தது. குடித்தேன்.

அடுத்த மழை ஜனவரியில் வந்தது. புத்தகத்தோடு மாடிப்படியில் காத்திருந்தேன். அவர் வரவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சாக்கடையோரம் குனிந்து வைக்கோலைப் போட்டார், பார்த்தார், மாடுகளை அவிழ்த்தார். என் ஜன்னலைத் தாண்டும்போது மட்டும் நின்று அண்ணாந்து குரல் கொடுத்தார்: "கிராணியாரே, தண்ணி திரும்பிருச்சு! சைக்கிளத் தூக்கி மேல வைங்க!" நான் அந்தச் சந்தில் இருந்தவரை ஒவ்வொரு மழைக்கும் அந்தக் குரல் வந்தது. ஒவ்வொரு முறையும் தூக்கி வைத்தேன்.

இப்போது குவீன்ஸ்டவுனில் ஏழாம் மாடியில் இருக்கிறேன். எந்தக் கடலும் இங்கே ஏறாது, எந்த மாடும் வராது. நீலப் புத்தகத்தின் கணக்குகள் பழசாகிவிட்டன, இழுப்பறையில் கிடக்கிறது. ஆனாலும் மழை வலுத்தால் ஜன்னலைத் திறந்து, கீழே வாய்க்காலில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று எட்டிப் பார்க்கிறேன். இவ்வளவு உயரத்திலிருந்து அது தெரிவதில்லை.