பாஸ்ஸூவின் திறக்காத இன்ஜின்

எங்கள் மலையூரான மிதெல்த்தின் சந்தையில் வண்டி விற்க வருகிறவன் முதலில் சொல்வது அது ஓடிய தூரத்தை அல்ல. "இன்ஜினைத் திறந்ததே இல்லை" என்பதைத்தான். ஒருமுறை திறந்த இன்ஜின் என்று தெரிந்தால், வாங்க வந்தவன் பாதித் தேநீரை வைத்துவிட்டு எழுந்துகொள்வான். பழுதுபார்க்கும் மேஸ்திரியின் கை உள்ளே போய்விட்டால் அது வேறு வண்டி என்று எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை. டாக்சி ஓட்டுகிற பாஸ்ஸூ அதை நம்பியதுபோல வேறு யாரும் நம்பியதில்லை.

வேலை பார்த்த அவுலி ஈயச் சுரங்கத்தை மூடியபோது அவருக்கு இருபத்திரண்டு வயது. கையில் கிடைத்ததோடு மனைவி தூதாவின் வெள்ளி நகைகளையும் சேர்த்து, மெக்னெஸில் ஒரு டாக்டரிடம் வெண்ணெய் நிற ஜெர்மன் டீசல் கார் ஒன்றை வாங்கினார். அன்றிலிருந்து அது மிதெல்த்–அஸ்ரூ டாக்சி. முன்னால் இரண்டு பேர், பின்னால் நான்கு பேர். கணவாய் தாண்டிப் போவார், கணவாய் தாண்டித் திரும்புவார். மூன்று பெண்களுக்குக் கல்யாணம் செய்துவைத்தது அந்தக் கார்தான். முப்பத்தெட்டு வருடத்தில் அதன் இன்ஜினை யாரும் திறக்கவில்லை. இதை அவர் சொல்லவேண்டியதுகூட இல்லை. டாக்சி நிலையத்தில் மற்றவர்களே சொல்வார்கள், கொஞ்சம் கிண்டலும் கொஞ்சம் பொறாமையுமாக.

அந்த நிலையத்துக்கு எதிரே எண்ணெய் மாற்றும் கடையில் நான் வேலை செய்கிறேன். அதிகம் பேசமாட்டேன். அதனால் டிரைவர்கள் என் முன்னால் எதையும் பேசுவார்கள்.

போன வருடம் கோடையில் கார் நீலமாகப் புகைவிடத் தொடங்கியது. ஏற்றத்தில் பின்னால் வருகிறவர்களுக்குச் சாலை தெரியாது. ஒருநாள் ஒரு கிழவி இறங்கி முக்காட்டை உதறியபடி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"ஏன் பாஸ்ஸூ, இது டாக்சியா, ஊரே குளிக்கிற ஹமாம் அடுப்பா? அடுத்த தடவை சோப்பும் துண்டும் எடுத்துட்டு வந்துடறேன்."

நிலையமே சிரித்தது. பாஸ்ஸூவும் சிரித்தார். ஆனால் அன்று மாலை நேராக ஹம்மூ மேஸ்திரியிடம் போனார். ஹம்மூ புகைக்குழாயில் விரலைவிட்டுத் தேய்த்துப் பார்த்தார்.

"பிஸ்டன் ரிங் தேஞ்சுபோச்சு. நாலு நாள் குடு. திறந்து, மாத்தி, மூடித் தர்றேன். உன் பேரன் ஓட்டுவான் இதை."

"திறக்கணும்னா என் தலையைத் திற."

"அதுல என்ன இருக்கு மாத்தறதுக்கு?"

பாஸ்ஸூ காரைத் திருப்பிக்கொண்டு என் கடைக்கு வந்தார்.

எண்ணெய் டின்னில் இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் குளிருக்கு: அது சிறியதாக இருந்தால் பனியிலும் எண்ணெய் இளகி ஓடும். இரண்டாவது எண் சூட்டுக்கு: அது பெரியதாக இருந்தால் இன்ஜின் கொதிக்கும்போதும் எண்ணெய் கெட்டியாக நிற்கும். எங்கள் குளிருக்கு அந்த மாதிரி காரில் பதினைந்து–நாற்பது ஊற்றவேண்டும் என்று கடையில் தொங்கும் அட்டையிலேயே இருக்கிறது. பாஸ்ஸூ முதலில் இருபது–ஐம்பதுக்கு மாறினார். புகை கொஞ்சம் குறைந்தது. பிறகு, தெற்கே பாலைவனத்து லாரிக்காரர்கள் வாங்குகிற வெறும் ஐம்பதைக் கேட்டார். அதில் குளிருக்கான எண்ணே கிடையாது. கூடவே, புகையை நிறுத்தும் என்று சொல்லி விற்கிற, தேன்போல் இழுபடும் மருந்து ஒரு டின்.

புகை நின்றுவிட்டது. இன்ஜின் சூடானதும் கீழே விழுந்துகொண்டிருந்த, எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் முள் இப்போது விறைப்பாக மேலே நின்றது. கார்க் கதவைத் திறந்துவைத்து, வருகிறவர் போகிறவரையெல்லாம் கூப்பிட்டு அந்த முள்ளைக் காட்டினார் பாஸ்ஸூ.

"பாரு, வாலிபன் மாதிரி நிக்கிறான்!"

கெட்டியான எண்ணெயைப் பம்பு தள்ளும்போது முள் மேலேதான் நிற்கும். அதனாலேயே எண்ணெய் போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போகிறது என்று ஆகாது. எனக்கு அது தெரியும். அந்தச் சந்தோஷத்துக்கு நடுவில் அதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

நவம்பரில் அயாஷி மலைமேல் பனி வெளுத்தது. அந்த வாரம் டிரைவர்கள் எல்லோரும் குளிர்கால எண்ணெய்க்கு வருவார்கள். பாஸ்ஸூவும் வந்தார். கடையில் ஐந்தாறு பேர் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றிருந்தார்கள். அவர் கல்லாமேசையில் சாய்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"நீ என்னப்பா சொல்றே? மாத்திடவா?"

பதினைந்து–நாற்பது டின் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. மாற்றினால் புகை திரும்பும். மறுநாளே ஹமாம் பேச்சு திரும்பும். பிறகு ஹம்மூவிடம்தான் போகவேண்டும். இதையெல்லாம் அத்தனை பேர் முன்னால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"உங்க வண்டி, அம்மி பாஸ்ஸூ. உங்களுக்குத் தெரியாததா?"

அம்மி என்றால் சித்தப்பா. அப்படிக் கூப்பிட்டதால் மரியாதையாகப் பேசிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு இன்னொரு ஐம்பது டின்னை எடுத்துக்கொண்டு போனார்.

குளிர்காலம் முழுவதும் விடியற்காலையில், ரொட்டி சுட்ட தணலை மண்சட்டியில் போட்டுக் காருக்கு அடியில் தள்ளுவார். எண்ணெய்த் தொட்டி சூடேற அரைமணி நேரமாகும். அதற்குப் பிறகுதான் சாவி. பழைய டிரைவர்கள் பலரும் கடுங்குளிரில் செய்கிற வேலைதான். அவருக்கு அது தினப்படி ஆகிவிட்டது. "குழந்தைக்குக் கணப்பு போட்டாச்சா?" என்று கேட்பார்கள்.

ஜனவரியில் பனி கொட்டி, கணவாயை இரண்டு நாள் மூடிவைத்தார்கள். மூன்றாம் நாள் காலையில் திடீரென்று திறந்துவிட்டார்கள். நிலையத்தில் கூட்டம் முண்டியது. வரிசையில் முதல் வண்டி பாஸ்ஸூவுடையது. நானும் அஸ்ரூவுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகவேண்டியிருந்ததால் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். தணல்சட்டி காருக்கு அடியில் போய் ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

"கிளம்புய்யா! நீ போகலேன்னா வழியை விடு!" என்று பின்னாலிருந்த டிரைவர் கத்தினான்.

சாவியைத் திருப்பினார். இன்ஜின் முனகியது, சுற்றவில்லை. நாலு பேர் பின்னாலிருந்து தள்ளினார்கள். சரிவில் இறங்கும்போது ஒரு குலுக்கலோடு பிடித்துக்கொண்டது. நான் முள்ளைப் பார்த்தேன். பூஜ்யத்தில் இருந்தது: குளிரில் கெட்டிப்பட்ட எண்ணெய் இன்னும் எங்கும் போய்ச் சேரவில்லை. பத்து எண்ணினேன், இருபது எண்ணினேன். அசையவில்லை. வெளியே அவசரப்படுத்திக் கத்தினார்கள், அவர் ஆக்ஸிலேட்டரை மிதித்தார். அணைக்கச் சொல்ல ஒரு வார்த்தை போதும். என்னோடு சீட்டில் நெருக்கி உட்கார்ந்திருந்தவரின் முழங்கை என் விலாவில் குத்திக்கொண்டிருந்தது. நான் அதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

நான் நாற்பது எண்ணித் தாண்டும்போதுதான் முள் எழுந்தது.

ஏற்றத்தில் தட்டும் சத்தம் கேட்டது. முதலில் கடிகாரம்போல, பிறகு கதவை யாரோ முட்டியால் இடிப்பதுபோல. பாஸ்ஸூ ரேடியோவைக் கூட்டினார். உச்சிக்கு ஆறு கிலோமீட்டர் இருக்கும்போது ஒரே ஒரு அடி. பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இறங்கிப் பார்த்தபோது வெள்ளைப் பனிமேல் எண்ணெய் கறுப்பாகப் பரவிக்கொண்டிருந்தது, அவ்வளவு குளிரிலும் ஆவி பறக்க.

மற்ற பயணிகள் பின்னால் வந்த வண்டிகளில் ஏறிப்போனார்கள். நான் போகவில்லை. இழுவை வண்டி வரும்வரை மூன்று மணி நேரம் நாங்கள் இருவரும் காருக்குள் உட்கார்ந்திருந்தோம். தூதா கட்டிக்கொடுத்திருந்த ரொட்டியையும் ஆலிவையும் என் பக்கம் நகர்த்தினார். அவர் சாப்பிடவில்லை.

ஹம்மூ இன்ஜினைத் திறந்தார். உடைந்த பிஸ்டன் ராடு இன்ஜினின் பக்கவாட்டில் குத்தி, கைவிரல்கள் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டிருந்தது. கிராங்கு முழுக்கக் கீறல். ஆனால் ஹம்மூ சிலிண்டர்களைத் துடைத்து, ஒவ்வொன்றுக்குள்ளும் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"சிலிண்டர் நாலும் நல்லாத்தான்யா இருக்கு. வெறும் ரிங்தான். நாலு நாள் வேலைதான் இருந்துச்சு."

பாஸ்ஸூ குனிந்து பார்த்தார். அத்தனை வருடம் அவர் காவல் காத்தது என்னவென்று அன்றுதான் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அன்னைக்குக் கேட்டேனே, அப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியும், அம்மி."

ஹம்மூ குறுக்கே வந்தார். "தெரிஞ்சா மட்டும்? அவன் சொல்லியிருந்தா நீ கேட்டிருப்பியாக்கும்! நான் சொன்னதைக் கேட்டியா?"

"உன்கிட்டே நான் வம்புக்கு வந்தேன்" என்றார் பாஸ்ஸூ. "இவன்கிட்டே கேக்கத்தானேய்யா போனேன்."

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். கையிலிருந்த கந்தலை மடித்து, மறுபடி பிரித்து, மடித்தேன்.

கார் பழைய இரும்புக்குப் போயிற்று. பாஸ்ஸூ இப்போது வேறொருவரின் புது வேனை அதே சாலையில் ஓட்டுகிறார். எண்ணெய் மாற்ற என் கடைக்குத்தான் வருகிறார். இப்போதெல்லாம் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: எந்த எண், ஏன் அது, எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை. கடையில் எத்தனை பேர் இருந்தாலும் சத்தமாகவே சொல்கிறேன். முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் அவர் சரி என்று தலையாட்டிவிட்டு, வெளியே போய் வேனில் உட்கார்ந்துகொள்கிறார்.