தாஹிர் ஹாஜியார் கொடுத்த மன்னிப்பு

தாஹிர் ஹாஜியாரைக் கெட்ட மனிதர் என்று சொன்னால் சொன்ன நாக்கு அழுகிப்போகும். துறைமுகத்தில் சீமெந்து மூட்டை சுமந்து, பிறகு லொறி வாங்கி, கிண்ணியாப் பக்கம் சொந்தமாகச் சீமெந்துக் கடை போட்டவர். ஏழை வீட்டுக் கூரைக்கு எத்தனையோ தடவை தகரம் சும்மா ஏற்றி அனுப்பியிருக்கிறார். அவரிடம் இருந்தது ஒரே ஒரு கோளாறு. நாலு பேர் கூடும் இடத்தில் முதல் குரல் தன்னுடையதாக இருக்க வேண்டும். பள்ளிவாசலில் துஆ ஓதினால் முதல் ஆமீன் அவருடையது, கல்யாண வீட்டில் முதல் பேச்சும் அவருடையது.

"கதைக்காட்டி இவருக்குச் சோறு செமிக்காது," என்று மனைவி பஸ்மியாவே சொல்லிச் சிரிப்பாள்.

இப்பேர்ப்பட்டவருக்குப் பிரதேச சபை ஆசை வந்ததில் என்ன அதிசயம்? ஆனால் அவரிடம் காசு இருந்ததே தவிர வாக்கு இல்லை. வாக்கு இருந்தது ஸஹாப்தீனிடம். அந்தக் காலத்தில் ஹாஜியாரோடு ஒன்றாக மூட்டை சுமந்த சிநேகிதர், இப்போது ட்ரக்டர் ஓட்டிப் பிழைக்கிறவர். அவர் வீடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கக் குடியிருப்பில் இருந்தது. மாரி வந்தால் வாய்க்கால் பெருகிப் பாதையை விழுங்கிவிடும். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை, நோயாளிக்கு ஆஸ்பத்திரி இல்லை. ஒரு சின்னப் பாலம் வேண்டும் என்பதைத் தவிர ஸஹாப்தீனுக்கு வேறு அரசியல் கிடையாது.

இருவரும் சேர்ந்து நின்ற சுயேச்சைக் குழுவுக்குப் பட்டியலில் ஓர் ஆசனம் கிடைத்தது. ஆசனத்தைத் தவணை வைத்துப் பங்கிடுவது இங்கே எல்லாக் கட்சிக்காரரும் செய்கிறதுதான். பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கு முன்னால் இருவரும் கைபிடித்து வாக்குக் கொடுத்தார்கள். முதல் பாதி தாஹிர், மறு பாதி ஸஹாப்தீன்.

"நீ முதல்ல இரு மச்சான். உனக்குத்தான் கதைக்கத் தெரியும். நான் வந்து பாலத்த மட்டும் போட்டுட்டுப் போறன்," என்றார் ஸஹாப்தீன்.

கடைப் பலகையில் பெயருக்குக் கீழே 'உறுப்பினர்' என்று எழுதியாயிற்று. முதல் பாதித் தவணையும் முடிந்தது. ஸஹாப்தீன் கடைக்கு வந்தார்.

"மச்சான், என்ட முறை வந்திட்டு."

"ஓம், தெரியும். இந்த பட்ஜெட் முடியட்டும், விலகுறன்."

பட்ஜெட் முடிந்தது. பிறகு சந்தைக் கட்டட வேலை வந்தது. சபையில் அதற்கு முதல் குரல் கொடுத்தவர் நம்முடைய ஹாஜியார்தான். சந்தை கட்டினால் கடைச் சீமெந்து லொறி லொறியாக நகரும். வாய்க்கால் பாலத்துக்கு எத்தனை மூட்டை போய்விடப் போகிறது? அந்தப் பாலத்துக்கு மட்டும் அவர் வாய் திறக்கவேயில்லை. வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல?

கடைசியாக வந்த அன்று ஸஹாப்தீன் ஆசனத்தைப் பற்றிப் பேசவில்லை. கதிரையில் அமர்ந்து பிளேன்டீயைக் குடித்து முடித்தார்.

"மாரி வருகுது மச்சான்," என்றார்.

"அல்லாஹ் காப்பாத்துவான்," என்றார் ஹாஜியார்.

மாரி வந்தது. ஒரு நாள் காலைச் சாப்பாட்டின்போது ஸஹாப்தீன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். அம்புலன்ஸ் இந்தக் கரையில் நின்றது. அவருடைய ட்ரக்டரிலேயே அவரைக் கிடத்தி, மூத்த மகன் அஸாம் வெள்ளத்தில் இறக்கினான். நடு வாய்க்காலில் இயந்திரம் நின்றுபோனது. நாலு பேர் இடுப்பளவு தண்ணீரில் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கரையேறியபோது உயிர் இல்லை.

செய்தி கேட்ட ஹாஜியார் கடையை அடைத்துவிட்டுச் சாக்கின் மேல் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். பொய் அழுகை இல்லை. பள்ளிக்குப் புறப்படும்போது பஸ்மியாவிடம் சொன்னார்.

"இண்டைக்கு எல்லாருக்கும் முன்னால சொல்லப்போறன். அவன்ட ஹக்க, அவனுக்குச் சேரவேண்டியத, நான்தான் திண்டனான். அஸாமிட்ட மன்னிப்புக் கேக்கப்போறன்."

"கட்டாயம் கேளுங்க," என்றாள் அவள். "தொழுகைக்கு முன்னமே கேட்டிருங்க."

உடலைச் சுமந்த சந்தூக்குக்கு ஹாஜியாரும் தோள் கொடுத்தார். பள்ளியில் முதல் வரிசையில் நின்றார். மனதுக்குள் அந்த வார்த்தைகளைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

ஜனாஸாத் தொழுகைக்கு முன்பு இறந்தவருக்காக ஒருவர் எழுந்து பேசுவது வழக்கம். அஸாம் எழுந்தான். உடுப்பு இன்னும் ஈரமாகவே இருந்தது.

"எங்கட வாப்பா ஆருக்கும் ஏதும் குடுக்க இருந்தா எங்களிட்டச் சொல்லுங்க, நாங்க பொறுப்பு. ஆரிட மனசையும் நோகப் பண்ணியிருந்தா, அல்லாஹ்வுக்காக அவர மன்னிச்சிருங்க."

"மன்னிச்சிட்டம்."

வழக்கம்போல முதல் குரல் கணீரென்று எழுந்தது. அது ஹாஜியாருடையது. எத்தனை வருடத்துப் பழக்கம், வாய் தானாகவே சொல்லிவிட்டது. பின்னால் சேர்ந்து சொல்ல வேண்டிய சனம் இந்த முறை சேரவில்லை.

அஸாம் திரும்பி அவரைப் பார்த்தான். கோபமில்லை, கண் மட்டும் சிவந்திருந்தது.

"நல்லம் மாமா," என்றான். தகப்பனுடைய சந்தூக்குக்கு நேரே வரிசையில் போய் நின்றான்.

ஹாஜியார் பதறிப்போய், "மகன், நான்..." என்று தொடங்கினார். அதற்குள் இமாம் தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்கிவிட்டார். அதற்குப் பிறகு யாரும் பேசக்கூடாது. மற்றவர்களோடு சேர்ந்து அவரும் கையை உயர்த்திக் கட்டிக்கொண்டார்.