பழசை அழிச்சாத்தான் திறக்குமாம்

எங்க வீட்டுக்காரரோட இறப்புச் சர்டிபிகேட் எடுக்கணும். அவர் போன்ல அதுக்கான சைட்டு சுத்திக்கிட்டே இருக்கு, திறக்கல. இன்னிக்கு மீன் வித்து முடிச்சதும் போனை பிரவுசிங் சென்டருக்கு எடுத்துட்டுப் போனேன்.

அங்க இருந்த பொண்ணு பாத்துட்டு, "நெட்டு நல்லாத்தான் இருக்குக்கா. பழசு சேந்துபோச்சு. மொத்தமா அழிச்சா திறந்துடும்"னுச்சு.

"என்ன பழசு?"

காட்டுச்சு. அவர் தேடினதெல்லாம் வரிசையா இருந்துது. காத்து நிலவரம், வலை, மறுபடி காத்து நிலவரம். கடைசியா, 'முட்டி வலிக்கு என்ன செய்யலாம்'.

"அவருக்கு முட்டி வலியாக்கா?"

"எனக்கு. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டதில்ல."

"அழிச்சிடவாக்கா?"

போனை வாங்கிக்கிட்டு வந்துட்டேன்.

பழசை அழிக்காம சைட்டைத் திறக்க வழி தெரிஞ்சவங்க கீழ எழுதுங்க. மனசைத் தேத்திக்கோன்னு எழுதாதீங்க. அதுக்கெல்லாம் சைட்டு திறக்காது.