அவளுக்கு ஐந்து கட்டை

பஜனையில் முதல் வரியை எடுத்துக் கொடுப்பவனுக்கு ஒரு போதை உண்டு. நாம் ஒரு வரியைப் பாடி நிறுத்துவோம். நாற்பது பேர் அதையே திருப்பிப் பாடுவார்கள். உரக்கடைக்காரர், ஓய்வுபெற்ற தபால்காரர், வயலிலிருந்து கால் கழுவிக்கொண்டு நேராக வந்தவர் என்று யாருமே முறையாகப் பாட்டுப் படித்ததில்லை. ஆனாலும் சேர்ந்து பாடினால் எங்கள் ஊர்ப் பெருமாள் கோயில் மண்டபம் நிறைந்துவிடும். திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் ஊர். சனிக்கிழமைதோறும் சாயங்காலம், இருபத்தெட்டு வருஷமாக அந்த முதல் வரி என்னுடையதாக இருந்தது. என் மனைவி கடைசி வரிசையில் தூணோரமாக உட்கார்ந்து திருப்பிப் பாடுவாள்.

தை மாதம் சம்பா அறுப்பில் மெஷின் கிளப்பிய தூசி என் தொண்டையை அடைத்துவிட்டது. அந்தச் சனிக்கிழமை வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. எங்களுக்கு மிருதங்கம் வாசிப்பவர் உரக்கடைக்காரர். "அண்ணி பாடட்டுமே, அவங்களுக்குத் தெரியாத பாட்டா?" என்றார். மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்து நானும் தலையாட்டி வைத்தேன்.

நன்றாகப் பாடினாள். சொல்லித்தானே ஆக வேண்டும். மூன்றாம் சரணத்தில் மேலே ஏறுகிற இடம் ஒன்று உண்டு. நான் எப்போதும் அங்கே கொஞ்சம் மழுப்பிவிட்டு இறங்கிவிடுவேன். அவள் ஏறிப் போய் நின்றாள். "இப்பத்தான் அந்த இடம் சரியா விழுது" என்று தபால்காரர் என்னிடமே வந்து சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும், "எங்க கத்துக்கிட்ட?" என்று கேட்டேன்.

"எங்க போயி கத்துக்கிறது? உங்க பின்னாடி உக்காந்துதான்" என்று சொல்லிவிட்டுத் தோசைக்கல்லை அடுப்பில் போட்டாள்.

பத்து நாளில் தொண்டை சரியாகிவிட்டது. இடம்தான் திரும்பக் கிடைக்கவில்லை. "அண்ணியே எடுத்துக் கொடுக்கட்டும்ணே, நீங்க சுருதியைப் பாத்துக்கங்க" என்றார்கள். சுருதியைப் பார்ப்பது என்றால், போனில் ஆப்பைத் திறந்து தம்புராவை ஓட விடுவது. ஆளுக்கு ஆள் குரலின் உயரம் வேறு என்பதால் அதற்கேற்ற கட்டையை வைக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. எனக்கு ஒரு கட்டை. அவளுக்கு ஐந்து. அதைக் கண்டுபிடித்துக் கொடுத்த புத்திசாலியும் நான்தான்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வயிறு எரிந்தது. வேறு யாராவது என் இடத்தைப் பிடித்திருந்தால் வீட்டுக்கு வந்து அவளிடம் புலம்பி ஆற்றிக்கொண்டிருப்பேன். இப்போது யாரிடம் போய்ப் புலம்புவது? அவள் அரிசி களையும்போது முனகினால்கூட டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தேன். பக்கத்து ஊர்ப் பெண்கள் அவள் பாட்டைக் கேட்கவென்றே மினிபஸ் ஏறி வந்தார்கள். இருபத்தெட்டு வருஷத்தில் எனக்காக ஒருவர் சைக்கிளில்கூட வந்ததில்லை.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை மண்டபம் கொள்ளாத கூட்டம். எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் போனில் ஐந்து கட்டையை ஆறாக ஏற்றினேன். விரலால் இரண்டு தட்டுத் தட்டினால் போதும். கேட்கிறவர்களுக்கு அதே தம்புராதான். பாடுகிற தொண்டைக்கு மட்டும்தான் பாரம் தெரியும்.

அதே பாட்டில் இரண்டு சரணம் எப்படியோ சமாளித்தாள். மூன்றாவதில் மேலே ஏறும்போது கழுத்து நரம்பு புடைத்தது, குரல் பிசிறி நின்றுவிட்டது. திருப்பிப் பாட ஒன்றும் இல்லாமல் எல்லோரும் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார்கள். நான் அந்த வரியைக் கீழ் ஸ்தாயியில் எடுத்தேன். மொத்தக் கூட்டமும் அதை எனக்குத் திருப்பிக் கொடுத்தது. பொய் சொல்ல மாட்டேன், தித்தித்தது. "நல்ல நேரத்துல கை குடுத்தீங்கண்ணே" என்றார் உரக்கடைக்காரர். அதையும் வாங்கிக்கொண்டேன்.

பைக்கில் திரும்பினோம். ரோட்டில் பாதிக்குக் குறுவை நெல் காயப்போட்டிருந்ததால் மெதுவாக ஓட்டினேன். அவளுக்குத் தெரிந்திருக்கும், திட்டப் போகிறாள் என்று நாலைந்து பதில் தயாராக வைத்திருந்தேன்.

"எனக்குத் தொண்டை போயிருச்சுங்க" என்றாள் பின்னாலிருந்து. "வயசாவுதுல்ல. இனிமே நீங்களே பாடுங்க. அத்தனை பேர் முன்னாடி இன்னொரு தடவை அப்படி நிக்க முடியாது."

நெல் மேல் ஏறாமல் ஓரமாகவே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தேன்.

அந்த வாரம் முழுக்க அதிமதுரம் போட்டுக் கொதிக்க வைத்துக் குடித்தாள். அதிமதுரத்தைக் கடையில் வாங்கி வந்து கொடுத்ததும் நான்தான். சமையற்கட்டில் முனகல் நின்றுபோனது. டிவியை அணைத்துவிட்டு உட்கார்ந்து பார்த்தேன், பாத்திரச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

அடுத்த சனிக்கிழமை அவள் பழையபடி தூணோரம் போய் உட்கார்ந்துகொண்டாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முதல் வரி மறுபடி என் கைக்கு வந்துவிட்டது, வாய்தான் திறக்கவில்லை. எழுந்து போய், தம்புரா ஆப்பைத் திறந்து அவள் மடியில் போனை வைத்தேன். போன வாரத்துக்குப் பிறகு அந்த ஆப்பை நான் தொடவில்லை. ஆறு கட்டை அப்படியே நின்றது. வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

திரையைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"போன வாரம் இதுலதான் பாடினேனா?"

"ஆமா."

அவளே அதை ஐந்துக்கு இறக்கினாள். போனை எடுத்துக்கொண்டு முன்வரிசைக்கு வந்தாள். நானும் பின்னாலேயே வந்து பழக்கத்தில் பக்கத்தில் உட்காரப் போனேன்.

"பின்னாடி போயி உக்காருங்க" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். "நான் அங்கதான் கத்துக்கிட்டேன்."

தூணோரம் இடம் காலியாக இருந்தது. போய் உட்கார்ந்தேன்.