செம்பூரில் ஒட்டி வைத்த கட்டடங்கள்

கோயம்புத்தூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு நூற்பாலை மூடிக் கிடக்கிறது. அந்த இடத்தில் என்ன கட்டலாம் என்று அக்கம்பக்கத்தாரிடம் கருத்துக் கேட்கப்போவதாகச் சமீபத்தில் அறிவித்தார்கள். பல வருடம் செய்தியாளனாக இருந்ததில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. யாராவது என் கருத்தைக் கேட்டால், அவர்கள் ஏற்கெனவே என்ன முடிவு செய்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் யோசிப்பேன். இதே மாதிரி ஒரு கூட்டம் மும்பையில் நடக்கப்போகிறது என்று மைதீன் பாய் போனில் சொன்னார். திருநெல்வேலிக்காரர், பழைய சிநேகிதர். தாராவியில் பெல்ட் பட்டறை. வீடு செம்பூரில், மூடிய சாயத் தொழிற்சாலையின் மதிலை ஒட்டி. ஒத்திகை பார்த்தது போல் இருக்கட்டும் என்று பிப்ரவரியில் கிளம்பினேன்.

தங்கியது மாட்டுங்காவில். அறைக்கு இரண்டாயிரத்து இருநூறு ரூபாய். காலையில் நல்ல காபி பக்கத்திலேயே கிடைக்கும். மாட்டுங்காவில் ஆட்டோ ஓடாது, டாக்ஸிதான். ரயில் அதைவிட மலிவு: குர்லா போய் ஹார்பர் லைனுக்கு மாறினால் செம்பூர், பத்து ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஒரு எச்சரிக்கை. ஞாயிற்றுக்கிழமைகளில் பராமரிப்புக்காகப் பகலில் பல மணி நேரம் ரயிலை நிறுத்திவிடுவார்கள். கூட்டத்தை வைத்திருந்ததும் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு. ரயில் நிற்கும் முன்பே வாஷிக்கு வேலைக்குக் கிளம்பிவிடுகிறவர்கள் வர முடியாத நேரம் என்பது கூப்பிட்டவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை.

செம்பூர் ஸ்டேஷனிலிருந்து டிராம்பே பக்கம் ஆட்டோவில் மூன்று கிலோமீட்டர், நாற்பத்தெட்டு ரூபாய். மீட்டர் போட்டே வருகிறார்கள். தொழிற்சாலையின் பெயரைச் சொன்னதும் ஓட்டுநர், அங்கே டவர் வரப்போகிறது, கேட்டுக்குப் பக்கத்தில் கார் பார்க்கிங் வந்தால் எங்கள் ஸ்டாண்டு போய்விடும் என்றார் ஹிந்தியில். கருத்துக் கேட்கும் கூட்டம் இன்னும் தொடங்கவில்லை. பார்க்கிங் எங்கே என்பது ஆட்டோக்காரருக்குத் தெரிந்திருந்தது.

கூட்டம் தொழிற்சாலையின் பழைய ஷெட்டில். தரையில் நீலமும் மஞ்சளுமாகச் சாயக் கறை இன்னும் போகவில்லை. நடுவில் பெரிய மேஜை, அதன் மேல் வரப்போகும் வளாகத்தின் சிறிய மாதிரி உருவம்: நான்கு டவர்கள், பச்சைத் துணியில் பூங்கா, விரல் நீளத்தில் பெஞ்சுகள், பஞ்சில் செய்த மரங்கள். நேஹா என்ற இளம் கட்டடக் கலைஞர் சிரித்த முகத்தோடு எல்லோரையும் வரவேற்றார். எது எங்கே வர வேண்டும் என்று நீங்களே எடுத்து வையுங்கள் என்றார். ஐம்பது அறுபது பேர், பாதிக்கு மேல் தமிழர்கள், மேஜையைச் சூழ்ந்துகொண்டார்கள். நேஹாவின் கேமரா ஓயவே இல்லை.

அன்றைய காலைச் சாப்பாடு பேச்சியம்மாளின் இட்லி. மதிலுக்கு அந்தப் பக்கம்தான் அவருடைய சமையல்கூடம். விடியும் முன் அங்கே ஆறு வீட்டுப் பெண்கள் அவித்துத் தருவதை சைக்கிள்காரர்கள் தேவ்நார் வரை கொண்டுபோய் விற்கிறார்கள். அடுப்பிலிருந்து சைக்கிளுக்கு நாலு எட்டு தூரம். அந்தத் தொழிலே அதில்தான் நிற்கிறது. புதிய திட்டத்தில் அந்த இடமும் சேர்கிறது; அவர்களுக்கு ஏழாவது மாடி. கீழே பார்க்கிங். கொதிக்கும் கொப்பரையை லிஃப்டில் யார் ஏற்ற விடுவார்கள் என்பதுதான் பேச்சியம்மாளின் கேள்வி. சூடு ஆறாமல் கொப்பரையை அப்படியே ஷெட்டுக்குக் கொண்டுவந்து, கரண்டியைத் தண்ணீரில் நனைத்து நனைத்துத் தட்டிலிருந்து இட்லி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

எல்லோரும் மரத்தை நகர்த்தினார்கள். மைதீன் பாய் ஒரு பெஞ்சை நிழலில் வைத்துவிட்டு என் காதருகே வந்தார்.

"மரம் நட நம்மள கூப்புட்டிருக்காவ அண்ணாச்சி. கட்டடத்துக்கு வேற யாரையோ கூப்புட்டு முடிச்சாச்சு போல."

பேச்சியம்மாள் வந்து பார்க்கிங்கின் மேல் நிற்கும் டவரைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. அடியில் பசை காய்ந்து வெளுத்திருந்ததை நானும் அப்போதுதான் கவனித்தேன். ஏன் வரவில்லை என்று அவர் ஹிந்தியில் கேட்க, காற்றில் விழாமல் இருக்க ஒட்டியிருக்கிறோம் என்றார் நேஹா.

பேச்சியம்மாள் மைதீன் பாயைத் திரும்பிப் பார்த்தார். "காத்தடிச்சா கட்டடம் விழுமாம் பாய். மரம் நிக்குமாம்."

பிறகு ஆறு இட்லியை எடுத்து, டவருக்கு முன்னால் வெளியே நீண்டிருந்த பார்க்கிங்கில் வரிசையாக அடுக்கினார். ஒரு இட்லி ஒரு வீட்டின் அடுப்பு. ஷெட்டே சிரித்தது. நேஹாவும் சிரித்துப் படம் எடுத்தார்; சுவரில் ஒட்டியிருந்த தாளில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதினார். மைதீன் பாய் படித்துச் சொன்னார்: "ஃபுட் கோர்ட்டுன்னு எழுதுதாவ."

"சாப்பிடுத எடம் யாரு கேட்டா? அவிக்கதுக்கு எடம்லா கேட்டேன்."

பேச்சியம்மாள் கேட்டதை மைதீன் பாய் ஹிந்தியில் சொல்ல, நேஹா மன்னிப்புக் கேட்டார். அடுத்த கூட்டத்தில் திருத்திக்கொள்ளலாம் என்றார். தாள் அப்படியே இருந்தது.

பேச்சியம்மாள் போய் இட்லிக் கரண்டியைத் தண்ணீரில் முக்கி எடுத்து வந்தார். டவரின் அடியில் ஒரு ஓரமாகச் செருகினார். அவசரப்படவில்லை, தட்டைச் சுற்றி வருவது போல் நாலு பக்கமும் கரண்டியை ஓட்டினார், மறுபடி நனைத்தார், மறுபடி ஓட்டினார். கட்டடம் பிய்யாமல் முழுசாகக் கரண்டியில் ஏறி வந்தது. அதைப் பூங்காவின் பக்கம் தள்ளி வைத்து, இட்லிகளுக்கு முன்னால் சைக்கிள் போக வழி விட்டார்.

காலையிலிருந்து ஓயாத கேமரா நேஹாவின் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் போனை எடுத்தேன். "மொகம் வேண்டாம் அண்ணாச்சி, கட்டடத்த மட்டும் எடுங்க," என்றார் பேச்சியம்மாள். எடுத்தேன்.

உங்கள் ஊரிலும் இப்படிக் கூப்பிட்டால் போங்கள். போகாவிட்டால், வந்தவர்கள் ஒப்புக்கொண்டார்கள் என்று எழுதிக்கொள்வார்கள். மரத்தைத் தொடும் முன் கட்டடத்தை அசைத்துப் பாருங்கள். நீங்கள் சொன்னதை அவர்கள் எப்படி எழுதுகிறார்கள் என்று கூடவே நின்று படியுங்கள். கிளம்பும் முன் உங்கள் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் இருந்த படத்துக்கு இரண்டு வாரத்தில் வேலை வந்தது. மைதீன் பாய் போனில் கூப்பிட்டார். ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தாராம். டவர் பழைய இடத்துக்கே போய்விட்டது. இந்த முறை பசை இல்லை, ஸ்க்ரூ. நான் எடுத்த படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு அனுப்பச் சொன்னார், அடுத்த கூட்டத்துக்கு. அனுப்பினேன்.

பேச்சியம்மாள் அவரிடம் வேறொன்றும் கேட்டிருக்கிறாராம். பெல்ட் பட்டறையிலிருந்து ஒரு திருப்புளி.