ஈர விறகு

எங்கள் வீட்டுச் சமையல் நான் தூங்கும்போதே நடந்து முடிந்துவிடும். தேங்காய் துருவும் ஓசையும் தகரக் கூரையில் விழும் மழையும் கலந்து என் கனவுக்குள் வரும். விழிக்கும்போது அம்மா இருக்க மாட்டாள். சோறும் பப்பாளிக்காய்க் கூட்டும் மூடியிருக்கும். வண்டூர் பள்ளியில் அவள் ஆசிரியை. நாங்கள் குடியிருந்த ஜங்லிகாட்டிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் நேரத்துக்குப் போய்ச் சேரலாம்.

அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. வயிற்றுப்புண் உள்ளவர். கடைச் சாப்பாடு கூடவே கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் அவருக்குக் கேரியர் கட்டிவைக்காமல் அம்மா வாசலைத் தாண்டியதில்லை.

எங்கள் தீவுக்குக் காய்கறி மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வர வேண்டும். மழைக்காலத்தில் கப்பல் தாமதமானால் கொல்லையில் இருப்பதுதான் கறி: பப்பாளிக்காய், பூசணிக் கொழுந்து, மறுபடியும் பப்பாளிக்காய். மர ஆலையில் கழித்த துண்டுகள்தான் விறகு. அம்மா அவற்றை அடுப்புக்கு மேலே பரணில் அடுக்கிக் காயவைப்பாள்.

ஒருநாள் சாரலில் விறகு நனைந்துவிட்டது. ஊத ஊதப் புகைதான் வந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிடவே, தெருமுனை வங்காளி கடையில் பூரி வாங்கிக்கொள்ளும்படி அக்காவிடம் சொல்லிவிட்டு அம்மா ஓடினாள். அந்தப் பூரி உப்பிய விதமும், விரல் பட்டதும் அது மூச்சு விட்டதும் இன்னும் எனக்குக் கனவில் வருகின்றன.

சில நாள் கழித்து, யாரும் இல்லாத ஒரு மாலையில், நான் முக்காலியில் ஏறிப் பரண்மேல் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினேன்.

பிறகு அது வழக்கமாயிற்று. தினமும் செய்தால் தெரிந்துவிடும் என்கிற புத்தி எனக்கு இருந்தது. இன்று என்னை வதைப்பது அந்தப் புத்திதான்.

கூரை ஒழுகுகிறது என்று அப்பா முடிவுகட்டினார். தூறலிலேயே மேலே ஏறி, ஓட்டையில்லாத தகரத்துக்கெல்லாம் தார் பூசினார். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர் கீழே நின்று இந்தியில் யோசனை சொன்னார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"ஒழுகினா தரையும் நனையணுமே. விறகு மட்டும் எப்படிங்க நனையும்?" என்று அம்மா கேட்டாள்.

"மழை உன்னைக் கேட்டுட்டா பெய்யும்?" என்றார் அப்பா மேலிருந்து.

அம்மா ஏணியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாளா என்று தெரியவில்லை.

கேரியர் இல்லாத நாட்களில் அப்பாவும் துறைமுகத்துக் கடையில் பூரிதான் தின்றிருக்கிறார். ஒரு மத்தியானம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சரக்கு மூட்டைமேல் சரிந்துவிட்டார் என்று நாலு பேர் தூக்கிவந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது பாதியாக இளைத்திருந்தார். அதற்குள் அம்மாவும் பலமுறை பஸ்ஸைத் தவறவிட்டு, தலைமையாசிரியரிடம் பேச்சு வாங்கியிருந்தாள்.

அவருக்குக் கஞ்சி ஊட்டியபடியே அவள் மெதுவாகச் சொன்னாள்: "அடுப்பும் பள்ளிக்கூடமும் சேர்ந்து நடக்காது போலிருக்குங்க."

அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் அம்மா அவசரமில்லாமல் பகல் பஸ்ஸில் வண்டூருக்குப் போய், சாயங்காலம் திரும்பி வந்தாள். அதன்பின் நான் விறகைத் தொடவில்லை. பிடிபடும் முன்பே தப்பித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். அவள் இருந்தவரை அவளிடம் சொல்லவும் இல்லை.

அந்த வாரமே, பள்ளிக்குக் கட்டிக்கொண்டு போகும் வெள்ளைப் புடவையைப் பிடிதுணிக்காக அவள் நீளநீளமாகக் கிழித்தாள். கூட உட்கார்ந்து மறுமுனையை நான்தான் இழுத்துப் பிடித்தேன். அது கிழியும் சத்தம் வேடிக்கையாக இருக்கவே, இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.