அம்மா பொரித்த ஒரே கோழி

எங்கள் வீட்டில் கோழி என்பது அப்பாவின் இலாகா. ஞாயிற்றுக்கிழமை காலையில் டெல்லி கோல் மார்க்கெட்டுக்குப் போய் வாங்கி வருவதும், அரசாங்கக் குவார்ட்டர்ஸின் பின்பக்க வராந்தாவில் கரி அடுப்பு மூட்டிச் சமைப்பதும், அதற்கென்றே ஒதுக்கிய சட்டியைத் தேய்த்துக் கவிழ்ப்பதும் அவரேதான். அந்த நேரத்தில் அம்மா சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ரசம் வைப்பாள். கரோல் பாகில் அவள் பிறந்து வளர்ந்த வீடு, முட்டை போட்ட கேக்கைக்கூட வாசலோடு திருப்பி அனுப்புகிற வீடு. அந்த வீட்டு மாடியில் குடிவந்த சாத்தூர்க்காரர்தான் அப்பா. கல்யாணத்துக்குப் பிறகு அந்த வாசல் அம்மாவுக்கும் திறக்கவில்லை.

சரி, சாத்தூர் வாசலாவது திறந்ததா என்றால் அதுவும் இல்லை. புதுப்பெண்ணாக அம்மா அங்கே போன அன்று பெரியப்பா ஊரைக் கூட்டிக் கறிச்சோறு போட்டிருக்கிறார். அப்பாவின் அண்ணன் அவர். அப்பன் இல்லாத தம்பியைத் தோளில் போட்டு வளர்த்து, படிக்கவைத்து, டெல்லிக்கு ரயிலேற்றி விட்டவர். பந்தியில் அம்மாவின் இலையில் கறி விழுந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்துவிட்டு, அவள் இலையை மூடிவைத்து எழுந்துவிட்டாள். “எங்க வீட்டு இலையில கை வைக்காம எந்திரிச்சவளுக்கு இங்க என்ன சோலி?” என்று பெரியப்பா சபையில் கேட்டுவிட்டார். அன்று ராத்திரியே அப்பாவும் அம்மாவும் ரயிலேறினார்கள். அதற்கப்புறம் போக்குவரத்து இல்லை. இதெல்லாம் எனக்கு யாரும் உட்காரவைத்துச் சொன்னதில்லை. அப்பாவும் அம்மாவும் சண்டை போடும்போது துண்டு துண்டாகக் காதில் விழுந்ததை நானே சேர்த்துவைத்துக்கொண்டேன்.

நான் மூன்றாம் வகுப்புப் படித்த குளிர்காலத்தில், ஏதோ விவசாயிகள் மாநாட்டுக்காகப் பெரியப்பா டெல்லிக்கு வந்திருக்கிறார் என்று ஊர்க்காரர் ஒருவர் வந்து சொன்னார். அப்பா காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினார். திரும்பி வந்தவர் முகம் எப்படியோ இருந்தது.

“ஒரு வேளை வந்து கை நனைச்சிட்டுப் போங்கண்ணேன்னு கேட்டேன். சரின்னுட்டாரு” என்றார். “ஞாயித்துக்கெழம. நான் கோழி வாங்கிப் பண்ணிடறேன்.”

“கோழிய நான் பண்றேன்” என்றாள் அம்மா.

ஏதோ பஸ் ஓட்டப்போகிறேன் என்று அவள் சொன்ன மாதிரி அப்பா பார்த்தார். அப்புறம் வழக்கம்போல அவள் சொன்னதே நடந்தது.

பக்கத்து வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டிதான் அம்மாவுக்கு குரு. ஒவ்வொரு குளிர்காலத்திலும் இருவரும் சேர்ந்து ஆரஞ்சு ஸ்குவாஷ் போடுவார்கள். அதற்கு வாங்கிய சிட்ரிக் ஆசிட், பழைய காப்பித்தூள் பாட்டிலில் மிச்சம் இருக்கும். ஆன்ட்டி அதை நிம்பு சத் என்பாள். பார்க்கச் சர்க்கரை மாதிரி அப்பாவியாக இருக்கும். ஒரு கல்லை நாக்கில் வைத்தால் காது வரைக்கும் கூசும். எத்தனை தடவை கூசியும் எனக்கு புத்தி வந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆன்ட்டி வந்து, கோழியைக் கழுவி வெட்டிக் கொடுத்து, தயிர், கடலைமாவு, ஓமம், மிளகாய்த்தூள் என்று எல்லாவற்றுக்கும் அளவு சொன்னாள். கடைசியில், “கொஞ்சம் நிம்பு சத் டாலோ பஹன், ஸ்மெல் சலீ ஜாயேகி” என்றாள். போட்டால் வாடை போய்விடுமாம். அம்மா சட்டென்று நிமிர்ந்தாள்.

“பக்கா?”

“பக்கா. லேகின் பஸ், ஏக் சுட்கி!” ஆன்ட்டி இரண்டு விரலைச் சேர்த்து ஒரு சிட்டிகை எவ்வளவு என்று காட்டிவிட்டுப் போனாள்.

ஆன்ட்டி தலை மறைந்ததும் அம்மா ஒரு சிட்டிகை போட்டாள். பாத்திரத்தை முகர்ந்து பார்த்தாள். இன்னொரு சிட்டிகை. மறுபடி முகர்ந்தாள். அப்புறம் பாட்டிலில் ஸ்பூனை விட்டு எடுத்து, குவித்தபடியே கொட்டினாள். முந்தானையை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு பிசைந்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. வெங்காயமே இல்லையே, பிறகு எதற்கு அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் துண்டு பொரிந்ததும் என்னைக் கூப்பிட்டாள். அவள் வாயில் வைக்கமாட்டாள் என்பதால் உப்புப் பார்க்கும் உத்தியோகம் எனக்கு. கடித்தேன். கண்கள் தாமாக மூடிக்கொண்டன.

“எப்படி இருக்கு?”

“ரொம்பப் புளிக்குதும்மா.”

“கறி வாடை தெரியுதா?”

“இல்ல. புளிப்பு மட்டுந்தான் தெரியுது.”

“அப்ப சரி” என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. புளிக்கிறது என்று புகார் சொன்னால் யாராவது நிம்மதிப்படுவார்களா? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பெரியப்பா வந்தார். வேட்டி, அதன்மேல் குளிருக்கென்று அப்பா கொடுத்திருந்த ஆபீஸ் கோட்டு, தலையில் குரங்குக் குல்லா. நான் கற்பனை செய்துவைத்திருந்த வில்லனுக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. ஊரிலிருந்து ஒரு பை நிறையக் காராச்சேவு கொண்டுவந்திருந்தார். அம்மாவை மட்டும் அவர் பார்க்கவும் இல்லை, பேசவும் இல்லை. அவள் இரண்டடி தள்ளி நிற்கும்போதே, “ஏ குட்டி, ஒங்கம்மாட்ட தண்ணி கேளு” என்பார். நானும் பொறுப்பாகத் திரும்பி, “அம்மா, தண்ணி வேணுமாம்” என்பேன். தம்பி பெண்டாட்டியிடம் மூத்தவர் நேராகப் பேசுவது எங்கள் பக்கத்து வழக்கமில்லை என்று அப்பா பிறகு சொன்னார். வழக்கம் பாதி, கோபம் பாதி என்று எனக்கே தெரிந்தது.

தரையில் பாய் விரித்து, பெரியப்பா, அப்பா, நான் மூவரும் உட்கார்ந்தோம். அம்மா பரிமாறினாள். பரிமாறி முடித்தவள் உள்ளே போகாமல், ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்துப் பெரியப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். சட்டியிலிருந்து ஒரு துண்டு கோழியை எடுத்துத் தன் தட்டில் வைத்துக்கொண்டாள்.

அப்பா, “ஏய்...” என்றார்.

பெரியப்பா அப்போதுதான் முதல் துண்டைக் கடித்திருந்தார். அவருக்கும் கண்கள் மூடிக்கொண்டன, தோள் ஒரு தரம் குலுங்கியது. கண்ணைத் திறந்தபோது எதிரே அம்மா. துண்டைக் கையில் எடுத்துவிட்டாள். உதட்டருகே கொண்டுபோனாள், துண்டைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டாள். மறுபடி எடுத்தாள். பெரியப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டியைப் பார்த்தார். கையிலிருந்த மிச்சத் துண்டைப் பார்த்தார்.

சட்டென்று முன்னால் குனிந்து, சாப்பிட்ட அதே கையை நீட்டி, அம்மா விரலிலிருந்த துண்டை வாங்கிக்கொண்டார்.

“விடு தாயி” என்றார். “எனக்கே பத்தல.”

சொல்லிவிட்டு அதை வாயில் போட்டு மென்றார். புளிப்பில் அவர் கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை. எனக்கோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “பெரியப்பா, சட்டியில நெறைய இருக்கு!” என்று கத்தினேன். அப்பா என் தொடையில் கிள்ளினார்.

“இருக்கட்டும், அதையும் போடச் சொல்லு” என்றார் பெரியப்பா. உடனே, நான் திரும்புவதற்குள் அவரே, “போடு தாயி” என்றார். அவ்வளவு புளிப்பையும் ஒரு துண்டு மிச்சமில்லாமல் சாப்பிட்டார். நடுவில் தலையைத் தூக்காமல், “நீ ரசத்த ஊத்திச் சாப்புடு” என்று அம்மாவிடம் ஒரு தடவை சொன்னார்.

அடுத்த கோடை விடுமுறைக்கு நாங்கள் சாத்தூர் போனோம். அங்கே பெரியம்மா, கறி வாடை படாத சட்டி ஒன்றை அம்மாவுக்கென்றே புதிதாக வாங்கி, தனியாகக் கவிழ்த்து வைத்திருந்தாள். அம்மா அதன்பிறகு கோழியைத் தொடவில்லை. தொடவேண்டிய அவசியமும் வரவில்லை.

அந்த ஸ்பூன் நிறைய நிம்பு சத் விருந்தாளிக்காகப் போட்டதல்ல. எதிரே உட்கார்ந்து ஒரே ஒரு துண்டை விழுங்கிக் காட்ட, அவள் தனக்காகப் போட்டுக்கொண்ட தைரியம் அது. இது எனக்கு விளங்க, நான் கல்யாணமாகி வேறொரு வீட்டில் என்னால் முடியாத ஒன்றைச் செய்து காட்ட நின்ற நாள் வரவேண்டியிருந்தது. பெரியப்பாவுக்கு அது விளங்க ஒரு கடி போதுமானதாக இருந்திருக்கிறது.

எட்டு வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் இதுதான்: பிறந்ததிலிருந்து கோழியே சாப்பிடாத என் அம்மா அன்றைக்குத்தான் ஒரு துண்டுக்கு ஆசைப்பட்டாள், அதையும் இந்த மனுஷன் பிடுங்கித் தின்றுவிட்டார். அன்று பெரியப்பா சாப்பிட்டு முடித்ததும் அம்மா எழுந்து சமையலறைக்குள் போனாள். பின்னாலேயே போனேன். சுவரைப் பார்த்து நின்று, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

நான் பாதி கடித்து வைத்திருந்த துண்டை அவளிடம் நீட்டினேன்.

“அழாதம்மா” என்றேன். “என்னோடத நீ எடுத்துக்கோ. அவரு பாக்கறதுக்குள்ள சாப்ட்டுடு.”